பிள்ளைக்குக் கல்யாணம்னா முற்றத்துக்குக் கல்லு போட்டே ஆகணுமா?

ரெண்டு விசில் கேட்டது:

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம், ஒன்பது சென்ட். வீடு போக முன்னால மூணு சென்ட் முற்றம் மண்ணாக் கெடக்கு. (எங்க பேச்சுல அது 'முத்தம்'. வெளியூர்க்காரங்க சிரிக்கப்பிடாது.) நான் அரசு பஸ்ஸுல கண்டக்டர், ரிட்டயர் ஆக இன்னும் 14 மாசம் இருக்கு. மூத்த பிள்ளைக்குத் தை மாசம் கல்யாணம். கோயில்ல (சர்ச்சுலதான்) இன்னும் முதல் ஓலைகூட, அதாவது கல்யாண அறிவிப்புகூட, வாசிக்கல்ல. அதுக்குள்ள வீட்டுல ஒரு தீர்மானம் வாசிச்சு முடிச்சிட்டாங்க: முற்றத்துக்கு இன்டர்லாக் கல்லு (ஒண்ணோட ஒண்ணு கோத்து அடுக்குற சிமென்ட் கல்லு) போடணும்.

இதை முதல்ல சொன்னது யாருன்னு நானும் விசாரிச்சுப் பாத்தேன். "அத்தான், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை மண்ணுலயா நடக்க வைப்பிய?"ன்னு மச்சினன் கேட்டான். அவன்கிட்ட சொன்னது என் அக்காவாம். அக்காவைக் கேட்டா, "பெயின்ட் அடிக்க வந்த பையன்தான் சொன்னான், எல்லாரும் செய்யுறதுதானே"ன்னா. வீட்டுக்காரியைக் கேட்டேன். "எல்லாரும் சொல்லுறாங்கல்லா"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா. ஆகமொத்தம் எனக்கு வேணும்னு சொன்ன ஒரு ஆளும் அகப்படல்ல. எல்லாரும் அடுத்தவனுக்காகத்தான் கேக்காங்க.

அளக்க வந்தவர் சதுர அடிக்கு 78 ரூபா சொன்னார். 1,300 சதுர அடி. கணக்குப் போட்டா ஒரு லட்சத்துக்கு மேல 1,400 ரூபா வருது. மூலையில நிக்கிற கோட்டுக்கோணம் மாவு (மாமரம்) வேற போகணுமாம், வேரு கல்லைத் தூக்கிப்போடும்னு சொல்லுதார். 2017-ல ஒக்கி புயல் அடிச்ச ராத்திரி எங்க தெக்குப்பக்கம் நின்ன தென்னை ரெண்டும் சாஞ்சுது. இந்த மாவு மட்டும் நின்னுது. காத்துக்குத் தப்பினதை கல்லுக்காக வெட்டணுமாம்.

இன்னொண்ணு கேளுங்க. கல்யாணமும் விருந்தும் மண்டபத்துலதான். வீட்டுக்கு ஆளு வாறது முந்தின நாள் ராத்திரி, அதுவும் ஏழு மணிக்கு மேல. அன்னைக்கு முற்றம் முழுக்கப் பந்தல் போட்டிருக்கும், பந்தலுக்குக் கீழ சிவப்புக் கார்பெட் விரிச்சிருக்கும். அப்ப ஒரு லட்சத்தை யாரு கண்ணு பாக்கப்போகுது? இதை வீட்டுல கேட்டேன். "நீங்க எப்பவும் இப்படித்தான்"னு பதில் வந்தது.

நான் ஓடுறது மார்த்தாண்டம்–குலசேகரம் ரூட்டு. ஒரு நாள் ஆற்றூர் தாண்டி திருவட்டாறு வாற வரைக்கும் ரோட்டோரம் கேட்டு திறந்து கெடந்த வீடுகளை எண்ணினேன். நடுவுல டிக்கெட் கிழிச்சிட்டே எண்ணினதுனால ஒண்ணு ரெண்டு பிசகலாம். 41 வீட்டுல 33 வீட்டுக்குக் கல்லு. மிச்சம் எட்டுல ரெண்டு வீட்டுல ஆளே இல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல இதே ரூட்டுல முதல் டிரிப் போனா விடியுமுன்னே வழி நெடுக வாரியல் (விளக்குமாறு) சத்தம் கேக்கும். தூத்தின (பெருக்கின) முற்றத்துல கோடு கோடா, கோலம் போடாமலே கோலம் போட்ட மாதிரி இருக்கும். அப்பல்லாம் அந்த முற்றத்தைப் பாத்து யாரும் வெக்கப்பட்டு நான் கண்டதில்ல. மண்ணு எப்ப இருந்து மானக்கேடாச்சுன்னு எனக்குத் தெரியல்ல.

போட்டவங்க சொல்லுங்க, போட்டதுல என்ன கண்டிய? போடாதவங்க சொல்லுங்க, சொந்தக்காரங்க வாயை எப்படி அடைச்சிய?


அயினிமூடு:

போட்டவன் எழுதுதேன். தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டது. நீங்க சொன்ன அதே காரணம், அதே மச்சினன் பேச்சு. கார்பெட்டும் அப்படியே.

முதல் வருஷம் ராஜா மாதிரி இருந்தது. எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வந்ததும் வடக்குப்பக்கம், வெயில் படாத இடம் முழுக்கப் பாசி. கல்லோட நிறமே பச்சையாயிட்டு. ப்ளீச்சிங் பவுடர் போட்டு உரைச்சா ஒரு மாசம் தாங்கும், பின்ன பழையபடி. ரெண்டாம் வருஷம் ஆடி மாசம் அம்மை விடியக்காலம் பால் எடுக்கக் கேட்டுக்குப் போனா. வழுக்கி விழுந்ததுல இடுப்பெலும்பு போச்சு. மூணு மாசம் கட்டில்லயே கெடந்தா. மண்ணு முற்றத்துல 70 வருஷம் நடந்தவ, அதுல ஒரு தடவையும் விழுந்ததில்ல. மண்ணுலயும் வழுக்கும்தான், ஆனா எங்க வழுக்கும்னு அவ காலுக்குத் தெரியும்.

சூடு இன்னொரு கூத்து. பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு வச்சுகிட்டு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கக்கும். முந்தியெல்லாம் சாப்பிட்டுட்டு முற்றத்துல பாய் விரிச்சுக் கெடப்போம். இப்ப திண்ணையில உக்காந்தாலே அடுப்பு முன்னால இருக்கிற மாதிரி இருக்கு. அதுக்காக முன்னறைக்கு ஏசி வாங்கினோம். கல்லு போட்ட செலவுல இதையும் சேர்த்துக்கிடுங்க.

பிறகு கல்லுக்கு இடையில புல்லு. மண்ணுல முளைச்சா பிடுங்கினா வேரோட வரும். கல்லிடுக்குல முளைச்சது தலை மட்டும் அறுந்து வரும். மருந்தடிக்கச் சொல்லுதாங்க. சின்னப்பிள்ளை தவழுற வீட்டுல மருந்தடிக்க எனக்கு மனசில்ல. அதனால ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் கத்தி எடுத்துகிட்டு உக்காந்திருவேன்.

எங்க வீட்டு ஓட்டு விளிம்புக்குக் கீழ பொடிமண்ணுல குழியானைன்னு ஒரு பூச்சி குழி பறிச்சு இருக்கும். ஈர்க்கை வச்சுத் தோண்டி எடுத்து உள்ளங்கையில விட்டா பின்னாலயே போகும். என் மகனுக்கு அதைக் காட்டணும்னு தேடினேன். ஒரு குழிகூட இல்ல. பக்கத்து வீட்டுக்குப் போனா அங்கயும் கல்லு.


சானல்கரை:

பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் கணக்கு மட்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டரும் கொஞ்சமும். உங்கள் மூணு சென்ட், 121 சதுர மீட்டர். வருஷத்தில் 1,000 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் உங்கள் முற்றத்தில் மட்டும் விழுவது 1,21,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்து லாரித் தண்ணீர். எல்லாமே கிணற்றுக்குப் போகாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மண்ணிலேயே தங்கும், பெருமழையில் கொஞ்சம் ஓடவும் செய்யும். பாதியைத் தள்ளினாலும் ஐந்து லாரி.

வெளியூர் நண்பர்களுக்கு ஒன்று: இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண்ணும் சரளையும். தண்ணீரை நன்றாக உள்ளே வாங்கும். அப்படிப்பட்ட மண்ணின் வாயைத்தான் அடைக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அரசு சொன்னபோது, நாங்கள் மாடியில் இருந்து குழாய் இறக்கிக் குழி தோண்டினோம். முற்றம் தானாகவே செய்துகொண்டிருந்த வேலை அது. இப்போது முற்றத்துக்குக் கல் போட்டு, அந்தக் குழியையும் பார்க்க நன்றாக இல்லை என்று மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் மூடியவர்களில் நானும் ஒருவன். 2021 நவம்பர் மழையில் எங்கள் கேட்டுக்கு முன்னால் முழங்கால் தண்ணீர் நின்றபோது யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் ஆளாளுக்குப் பஞ்சாயத்தைத் திட்டினோம்.


புலியூர்க்குறிச்சி:

எல்லாரும் ரொம்பத்தான் மண்ணைக் கொண்டாடுதிய. தரையை மூடுறது நேத்து வந்த பழக்கமா? பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு (அரண்மனைக்கு) போய் தரையைப் பாருங்க. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கருன்னு சேர்த்து மெழுகினது, இன்னைக்கும் முகம் பாக்கலாம். ராஜாவுக்கே மண்ணு பிடிக்கல்ல.


அயினிமூடு:

அது வீட்டுக்குள்ள ஓய். முற்றத்துக்கு முட்டை உடைச்சா ஊத்தினாங்க?


கல்லுகெட்டு:

நான் இந்தக் கல்லு போடுற ஆளு. 11 வருஷமா இதுதான் தொழில். என் தொழிலை நானே கெடுக்கப் போறதில்ல, ஆனா உள்ளதைச் சொல்லணும்.

இந்தக் கல்லு தண்ணியே விடாதுன்னு சொல்லுறது முழு உண்மையில்ல. முறையாப் போட்டா அடியில மண்ணை வெட்டி, ஜல்லி போட்டு இறுக்கி, அதுக்கு மேல ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் எம்-சாண்ட் விரிச்சு, கல்லை அடுக்கி, இடுக்குல பொடிமணல் தூவி வைப்ரேட்டர் ஓட்டணும். அப்படிச் செஞ்சா இடுக்கு வழியாக் கொஞ்சம் தண்ணி இறங்கும். நாளாக நாளாக இடுக்குல அழுக்கு அடைச்சா குறையும். ஆனா இங்க பத்துல ஏழு வீட்டுக்காரர் என்ன கேப்பாங்க? "கார் ஏறும், அடியில காங்கிரீட் போட்டுரு." போட்டா முடிஞ்சுது, சொட்டு இறங்காது. நான் வேண்டாம்னு சொன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. நடக்க, சின்ன வண்டி ஏற 60 மில்லிமீட்டர் கல்லு போதும். பாரவண்டி ஏறணும்னா 80. காங்கிரீட்டுக்கு அவசியமே இல்ல.

சரிவு அடுத்த பிரச்சனை. எல்லாருக்கும் தண்ணி ரோட்டைப் பாத்து ஓடணும். என் வீட்டுத் தண்ணி உன் வீட்டுக்கு, உன் வீட்டுத் தண்ணி ரோட்டுக்கு, ரோட்டுத் தண்ணி பள்ளத்துல இருக்கிறவன் வீட்டுக்கு. சரிவைத் தென்னைமூட்டுக்கோ கிணத்துப் பக்கத்துக் குழிக்கோ திருப்பச் சொன்னா யாரும் சம்மதிக்க மாட்டாங்க. "அங்க சேறாகும்"னு சொல்லுவாங்க. சேறானா என்ன, அங்கதானே தண்ணி போகணும்.

அண்ணன் மாமரத்தை வெட்டச் சொன்ன ஆளு வேலை தெரியாதவர். மரத்துக்குச் சுத்தி ரெண்டு மூணு அடி விட்டு அருகுகல்லு பதிச்சாப் போதும். நடுவுல ஓட்டை வச்ச கல்லும் உண்டு, ஓட்டையில புல்லு நடலாம். வண்டி ஏறுற இடத்துக்கு அது நல்லது. கேட்டு வாங்குறவங்கதான் இல்ல.

பாசி பத்தி ஒருத்தர் எழுதியிருக்கார். பளபளப்பு பெயின்ட் அடிச்ச கல்லு வாங்காதிய. படத்துல பாக்க அழகு, மழையில ஆளைக் கொல்லும்.


ஒரு வாரியல்:

ஆம்பிளைங்க அஞ்சு பேர் எழுதினதை வாசிச்சேன். கிணத்துக்கு வருத்தப்படுதிய, குழியானைக்கு வருத்தப்படுதிய, மாமரத்துக்கு வருத்தப்படுதிய. நல்லது.

கண்டக்டர் அண்ணே, முதல் டிரிப்புல வழி நெடுக வாரியல் சத்தம் கேக்கும்னு எழுதியிருக்கிய. பஸ்ஸுல இருந்து கேட்டா அழகாத்தான் இருக்கும். அந்தச் சத்தம் கேக்குறதுக்கு ஒருத்தி நாலரைக்கு எந்திரிச்சிருக்கணும்.

நான் பூதப்பாண்டிப் பக்கம் பிறந்தவ. அங்க வீடெல்லாம் வரிசையா ஒட்டி இருக்கும், வாசல் தாண்டினா தெரு. நாலு எட்டுத் தூத்தி தண்ணி தெளிச்சு கோலம் போட்டா வேலை முடிஞ்சுது. வாழ்க்கைப்பட்டு வந்தது கருங்கல் பக்கம். இங்க வீடு ஒரு விளைக்கு (தோட்டத்துக்கு) நடுவுல நிக்கும். 14 சென்ட். ரெண்டு சக்கைமரம் (பலா), ஒரு அயினி, ஒரு புளி. வேலிக்கு அந்தப்பக்கம் ரப்பர். சக்கை இலை வருஷம் முழுக்க விழும். புளியோட இலை பொடி, வாரியல்ல அகப்படாது. மார்கழி தை மாசி ரப்பர் இலை உதிர்க்கும். அது அடுத்தவன் மரமா இருந்தாலும் இலை வந்து விழுறது நம்ம முற்றத்துல. காலையில ஒரு தடவை, விளக்கு வைக்கிறதுக்கு முன்ன ஒரு தடவை. குனிஞ்சபடி முக்கால் மணி நேரம். தூத்தி நிமிர்ந்து பாத்தா தூத்துன இடத்துல பத்து இலை கெடக்கும். ஏழு மாசக் கர்ப்பத்துலயும் தூத்தினேன். "குனிஞ்சு தூத்தினா சுகப்பிரசவம் ஆகும்"னு மாமி சொன்னாங்க. சிசேரியன்தான் ஆச்சு.

தூத்தாம விட்டா என்னன்னு கேப்பிய. ஒரு நாள் காய்ச்சல்ல கெடந்தேன். அன்னைக்குப் பாத்து எங்க மைனி வந்தாங்க. முற்றத்துல நின்னே கேட்டாங்க, "இந்த வீட்டுல பொம்பளை இல்லியா?"ன்னு. நான் உள்ள கட்டில்ல கெடக்கேன். என் வீட்டுக்காரர் திண்ணையில பேப்பர் வாசிச்சிட்டு இருக்கார். ஆம்பிளை இல்லியான்னு யாரும் கேக்கல்ல.

அதனால முற்றத்துக்குக் கல்லு வந்தப்ப நான் சந்தோஷப்பட்டேன். ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. பாசி வரும், சூடு வரும், தண்ணி இறங்காது, எல்லாம் தெரியும். ஆனா நின்னுகிட்டே பெரிய வாரியலால தள்ளினா பத்து நிமிஷத்துல இலை ஒதுங்கிரும்.

ஒரே ஒரு விஷயம்தான் என் நெஞ்சுல கெடக்கு. 11 வருஷம் நடு முதுகு வலிக்குதுன்னு சொன்னேன். அதுக்குக் கல்லு வரல்ல. கார் வாங்கினாங்க, டயர்ல சேறு ஒட்டுதுன்னு கல்லு வந்தது.

உங்க முற்றத்தை நீங்க மண்ணாவே வச்சுக்கிடுங்க அண்ணே, நல்ல காரியம். யாரு தூத்துறான்னு மட்டும் எழுதுங்க.


ரெண்டு விசில்:

தங்கச்சி, உங்க பதிலை வாசிச்சிட்டு ரெண்டு நாளா ஒண்ணும் எழுதல்ல. எழுத முகமில்லன்னுதான் சொல்லணும். யாரு தூத்துறான்னு கேட்டிய. பதில் உங்களுக்கே தெரியும். கல்யாணம் ஆகி 27 வருஷத்துல நான் அந்த வாரியலைத் தொட்டது பாம்பு வந்தப்ப ஒரு தடவை.

இந்த வாரம் எனக்கு ரெண்டாவது ஷிப்ட். அதனால திங்கக்கிழமை காலையில நானே தூத்திப் பாக்கலாம்னு இறங்கினேன். வீட்டுக்காரி திண்ணையில நின்னு, யாரோ அந்நிய ஆளு களவாட வந்த மாதிரிப் பாத்தா. பத்து நிமிஷத்துல இடுப்பு சொல்லிட்டு. பஸ்ஸுல எட்டு மணி நேரம் நிக்கிற எனக்கு இது பெரிசில்லன்னு நெனச்சிருந்தேன். நிக்கிறது வேற, குனியுறது வேற. மூணு சென்டுக்கு 35 நிமிஷம் ஆச்சு. அதுவும் நான் தூத்தினதைப் பாத்துட்டு அவ மறுபடியும் ஒரு தடவை தூத்தினா.

செவ்வாய்க்கிழமை ஒரு யோசனை பண்ணினேன். நாலடி மூங்கில் கம்பை எடுத்து வாரியலைச் செருகி கம்பி சுத்திக் கெட்டினேன். நின்னுகிட்டே தூத்தலாம். இதுக்கு ஒரு பத்து ரூபா கம்பியும் கால் மணி நேரமும் போதும். 27 வருஷமா இது எனக்குத் தோணல்ல, என் முதுகு வலிச்சப்ப ஒரே நாள்ல தோணிச்சு. அம்மைக்குத்தான் இது பிடிக்கல்ல. "நின்னு தூத்தினா வீடு வெளங்காது"ன்னா. வீடு இப்ப என்ன வெளங்குதுன்னு நான் திருப்பிக் கேக்கல்ல, வயசானவ.

புதன்கிழமை ராத்திரி வீட்டுக்காரிகிட்ட நேராவே கேட்டேன். மச்சினன் சொல்லுறதை விடு, அக்கா சொல்லுறதை விடு, உனக்குக் கல்லு வேணுமா வேண்டாமான்னு. கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல்ல. பின்ன, "முன்னால போட்டா எனக்கென்ன, போடாட்டி எனக்கென்ன. போடுறதா இருந்தா பின்னால போடுங்க"ன்னா.

எனக்கு விளங்கல்ல. டார்ச் எடுத்துகிட்டுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா. அடுக்களை வாசல்ல இருந்து கிணத்தடிக்கு 20 அடி. நடுவுல துணி துவைக்கிற கல்லு. மீன் கழுவுற இடம், பாத்திரம் விளக்குற இடம் எல்லாம் அங்கதான். அவ நாள் முழுக்க நடக்கிறது அங்க. கூரைத் தண்ணி விழுந்து எப்பவும் நசநசன்னு கெடக்கு. ரெண்டு செங்கலும், உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் போட்டு அதுமேல தாண்டித் தாண்டிப் போறா. போன வருஷம் ரெண்டு தடவை விழுந்திருக்கா. ஒரு தடவை கை வீங்கினது எனக்கு ஞாபகம் இருக்கு. எப்படின்னு கேட்டதுக்கு "சும்மா பிசகிட்டு"ன்னு சொன்னது இதுதான்.

வீட்டுக்கு அளக்க வந்தவர், மச்சினன், அக்கா, பெயின்ட் பையன், நான், இத்தனை பேர் முன்னால நின்னு கையை நீட்டி நீட்டிப் பேசினோம். ஒருத்தரும் வீட்டைச் சுத்திப் பின்னால வரல்ல.

அளந்தேன். பத்தடி அகலம் வச்சா 200 சதுர அடி. அதே 78 ரூபான்னா 15,600.

இப்ப கல்லுகெட்டு தம்பியைக் கேக்குதேன்: கிணத்தடிக்கு எந்தக் கல்லு நல்லது? சோப்புத் தண்ணி கிணத்துக்கு இறங்காம இருக்கணும். பாசி பிடிக்காம இருக்கணும். பாத்திரம் விழுந்தா கல்லு உடையாம இருக்கணும்னு அவ சொல்லுறா.


கல்லுகெட்டு:

கிணத்தடிக்கு இன்டர்லாக் வேண்டாம் அண்ணே. இடுக்கு வழியாச் சோப்புத் தண்ணியும் மீன் கழுவுன தண்ணியும் இறங்கும், அது நேரா கிணத்துக்குத்தான் போகும். அந்த இடத்துக்கு மட்டும் நான் முதல் ஆளா காங்கிரீட்டுன்னு சொல்லுவேன். வழவழன்னு தேய்க்கக்கூடாது. ஈரத்துலயே தென்னை வாரியலை வச்சுக் குறுக்க இழுத்து வரி போட்டா கால் பிடிக்கும். கிணத்துக்கு எதிர்ப்பக்கம் சரிவு வச்சு, ஓரத்துல ஒரு சின்ன ஓடை, ஓடை முடியுற இடத்துல வாழை. அழுக்குத் தண்ணிக்கு வாழைதான் நல்லது. மட்டி வாழை நட்டா பிள்ளைக்கு வளைகாப்புக்கு வெட்டலாம்.

வாசல்ல இருந்து கிணறு வரைக்கும் நடக்கிற வழிக்கு வேணும்னா ரெண்டடி அகலத்துல கருங்கல் பாளம் போட்டுக்கிடலாம். கூரைத் தண்ணிக்கு விளிம்புல ஒரு பாத்தி (தண்ணி ஓடுற ஓடை) கெட்டிக் குழாய்ல மாமூட்டுக்குத் திருப்பிரலாம்.


அயினிமூடு:

அப்ப முன்முற்றம்?


ரெண்டு விசில்:

மண்ணுதான். மகள்கிட்டயும் கேட்டேன், அவ கல்யாணம்தானே. போட்டோ எடுக்குறவர் மேல இருந்து டிரோன் விட்டு எடுப்பாராம், மண்ணா இருந்தா நல்லா இருக்காதோன்னு அவளுக்கு ஒரு சின்ன விசாரம் இருந்தது. பிறகு அவளே, மாவு நிக்கிறதுனால மேல இருந்து எடுத்தா இலைதான் தெரியும், முற்றம் எங்க தெரியப்போகுதுன்னு சொல்லிட்டா. பந்தல் போடுறதுக்கு முந்தின நாள் பாறைப்பொடி ஒரு டெம்போ இறக்கி நிரவிட்டா செருப்புல ஒட்டாது. ஆத்துமணல் விரிச்ச காலம் போச்சு, அதுக்கு ஆறும் தாங்காது.

மச்சினன் கோவத்துல இருக்கான். "பின்னால போட்டா யாரு பாப்பா?"ன்னு கேட்டான். உன் அக்கா பாப்பாடேன்னு சொன்னேன்.

தூத்துறது இப்ப ரெண்டாவது ஷிப்ட் வாரம் என் கணக்கு, முதல் ஷிப்ட் வாரம் அவ கணக்கு. ரிட்டயர் ஆனா முழுக்க என் கணக்கு ஆகிரும்போல, அதையும் அவ சொல்லி வச்சாச்சு. நேத்து நான் தூத்திட்டு நிக்கும்போது ஐந்தரை பஸ் போச்சு. என்கூட வேலை பாக்கிற டிரைவர் என்னைப் பாத்துட்டு ஒரு நீட்டு ஹாரன் அடிச்சான். இன்னைக்கு டிப்போ முழுக்க அதான் பேச்சு.


ஒரு வாரியல்:

கம்புல கெட்டின வாரியல் நல்ல யோசனை அண்ணே. கம்பியைவிட பழைய சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கெட்டிப் பாருங்க, ஈர்க்கு ஊராது. தூத்தின சருகைக் கூட்டி எரிக்காதிய, புகையில கண்ணு போறதும் எங்களுக்குத்தான். தென்னைமூட்டுல வட்டமாத் தோண்டிப் போட்டு மேல ஒரு கை மண்ணு தள்ளிருங்க.

எங்க வீட்டுல இதை வாசிச்சுக் காட்டினேன். "கண்டக்டருக்கு நேரம் இருக்கு"ன்னார்.


கல்லுகெட்டு:

வியாழக்கிழமை காலையில வாறேன் அண்ணே. துவைக்கிற கல்லை ரெண்டு நாளைக்கு நகர்த்தணும், மைனிகிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க. எங்க வைக்கணும்னு அவங்களே காட்டட்டும், உயரமும் அவங்க நின்னு பாத்துச் சொல்லட்டும்.